எதிர்த் திசையில் பறந்த சித்தப்பா

எஞ்சினியரிங் மூன்றாம் வருடத்தில் எனக்கு எல்லாமே தெரியும். (அரியர் நான்கு இருந்தது, அது வேறு விஷயம்.)

அதை நிரூபிக்க சித்தப்பாவின் முதல் விமானப் பயணம் வசமாக மாட்டியது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, அங்கிருந்தே சென்னைக்குப் பறக்கிறார். சித்தி காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“சித்தி, சித்தப்பா நம்ம தலைக்கு மேலதான் போவாரு. எங்கன போறாருன்னு கணக்குப் போட்டுக் காட்டுதேன்” என்றேன்.

(அதற்குத்தான் ஆப் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். ஆப் பார்க்கிறவனுக்கு எதற்கு டிரிக்னாமெட்ரி?)

மொட்டைமாடியில் நான். கையில் பாகைமானி, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட நட்டு. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி பனவடலிசத்திரத்தில் நண்பன் சுடலை, அதே ஆயுதத்தோடு, போனில். ஒரே நொடியில் இருவரும் கோணம் எடுத்தால் விமானம் இருக்கும் இடமும் உயரமும் கிடைக்கும். பத்து நொடி கழித்து மறுபடி எடுத்தால் வேகமும் திசையும், அதாவது வெக்டர்.

சொன்ன நேரத்துக்கு வானத்தில் வெள்ளிப் புள்ளி.

“ஏலே சுடலை, எடுல!”

உயரம் பத்து கிலோமீட்டர். கச்சிதம்! அம்புக்குறி போட்டேன். அம்பு தெற்கே பார்த்தது. சென்னை வடக்கே.

எதிரே வரும் வேறு விமானம் என்று எல்கேஜி பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

“சித்தி... ப்ளேன் திரும்பிப் போகுது.”

“என்னல சொல்லுத?”

“பாதி வழியில திருப்பிட்டாங்க. கணக்கு பொய் சொல்லாது சித்தி.”

சித்தப்பாவின் போன் அணைந்திருந்தது. சித்தி போட்ட சத்தத்தில் தெருவில் நான்கு தறிகள் நின்றன. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, “எஞ்சின்ல கோளாறா இருக்கும்” என்று தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார். சித்தி கோமதி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“கோமதித் தாயே, அவுக பத்திரமா எறங்கிட்டா இவனுக்கு மொட்டை போடுதேன்!”

(என் தலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?)

ஒரு மணி நேரம் கழித்து சித்தப்பா அழைத்தார்.

“மெட்ராஸ்ல எறங்கியாச்சு. எதுக்கு ஏட்டி அழுத?”

“உங்க ப்ளேன் திரும்பிப் போச்சுன்னு இவன் சொன்னானே!”

“அது எதுத்து வந்ததா இருக்கும். பஸ்ஸுக்கு எதுக்க பஸ்ஸு வரலியா?”

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் நைசாக ஆரம்பித்தேன்.

“ப்ளேன் திரும்பவே இல்லல்லா சித்தி. அப்ப வேண்டுதலும் கேன்சல்தான?”

“அவுக பத்திரமா எறங்கணும்னுதான் வேண்டினேன். எறங்கிட்டாக.”

(இந்த வீட்டில் லாஜிக் தெரிந்தது சித்திக்கு மட்டும்தான்.)

வெள்ளிக்கிழமை மொட்டை. திங்கட்கிழமை காலேஜ் குரூப் போட்டோ.

இப்போது எனக்கு வேலையும் வந்துவிட்டது, முடியும் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. என் தலையைத்தான் பார்க்கிறார்கள்.