பதவிக் குஷன்

நகரப் பூச்சி ஒழிப்புப் பிரிவுக்கு அடியேன்தான் தலைமை. எங்கள் பிரிவில் ஒருவரின் தகுதியை அறிவால் அளப்பதில்லை. நாற்காலியில் கிடக்கும் குஷனின் உயரத்தால் அளப்போம். என் குஷன் ஒரு சாண். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து துவைத்ததில்லை. துவைத்தால் பஞ்சு அமுங்கும், பஞ்சு அமுங்கினால் பதவி அமுங்கும். எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவானே என்று, எங்கே போனாலும் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே போவேன்.

என் சின்ன மகளுக்கு ஆஸ்துமா. படுத்தால் நெஞ்சில் விசில் அடிக்கும். டாக்டரம்மா சோதித்துவிட்டு, தூசியில் வாழும் நுண்பூச்சிதான் குழந்தைக்கு ஆகவில்லை என்றார். எனக்கு மானமே போயிற்று.

"எங்க விதிப்படி கண்ணுக்குத் தெரிஞ்சாத்தாங்க அது பூச்சி," என்றேன்.

"அந்த விதியை அதுகிட்டயே சொல்லிப் பாருங்க," என்றார். இன்ஹேலரை விடக்கூடாது, தலையணை உறை, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வெந்நீராவது! துறைக்கென்று ஒரு கௌரவம் இல்லையா? ஊழியர் இருவரை வரவழைத்து வீடு முழுக்க மருந்துப் புகை அடிக்கச் சொன்னேன். பிள்ளைக்கு இழுப்பு கூடிவிட்டது. மனைவி எங்கள் மூவரையும் புகைக்குழாயோடு வெளியே துரத்திவிட்டு, போர்வை முதல் துணி பொம்மை வரை வெந்நீரில் போட்டு அலசினாள். இழுப்பு குறைந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

மறுபடி போனோம். டாக்டரம்மா யோசித்தார்.

"நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோலைத் தின்னுதான் அது பிழைக்குது. யாராவது வருஷக்கணக்கா அசையாம உட்கார்ந்த மெத்தை கித்தை வீட்டுல இருக்கா?"

மனைவி என் அக்குளைப் பார்த்தாள்.

"அதுலதான் தலை வெச்சுப் படுப்பேன்," என்றாள் மகள். "அப்பா வாசனை வரும்."

ஊர்ப் பூச்சியை ஒழிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, என் தோலையே தீனியாகப் போட்டு வளர்த்து, பெற்ற பிள்ளையின் மூக்கடியில் வைத்திருக்கிறேன், படுபாவி. வீடு திரும்பும் வழியிலேயே குஷனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது வெறும் பலகை நாற்காலி. உட்கார்ந்தால் வலிக்கிறது, எழுந்துவிடுகிறேன். எழுந்தபின் சும்மா நிற்க முடியுமா? நாலு தெரு சுற்றி வேலை பார்க்கிறேன். இது என்ன புதுப் பழக்கம் என்று மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. மகள் நிம்மதியாக மூச்சு விடுகிறாள். ஆபீஸில்தான் எல்லோருக்கும் மூச்சு முட்டுகிறது.