ஆஹா சொல்லத் தெரியாதவள்

மலை நகரத்துக்குப் போய்வருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தது தன் ஆசைக்காக அல்ல, மனைவிக்காக. கல்யாணமான புதிதில் "அடுத்த வருஷம் கட்டாயம் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தவர், அதையே வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் அந்த அம்மாள், "முட்டி தேயறதுக்குள்ள அந்த மலையை ஒரு தடவை கண்ணால பார்த்துடணுங்க" என்றாள். மனிதருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார்.

பெட்டி தயார், அனுமதிதான் இல்லை. மலைக்கு வருகிறவர்கள் மலையை முறைப்படி வியப்பதில்லை, வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டுக் கடையைத் தேடுகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. இதனால் மலையின் மனம் புண்பட்டிருக்கக்கூடும் என ஒரு குழு தீர விசாரித்து அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் வியப்புத் தகுதி அலுவலகம் திறக்கப்பட்டது. அங்கே வியந்து காட்டித் தேறியவர்களுக்கு மட்டுமே மலைப் பேருந்தில் இடம் என்று ஆணையும் பிறந்தது.

ஆணை பிறந்த சூட்டோடு எதிர்க் கட்டடத்தில் ஆஹா பயிற்சி நிலையம் முளைத்தது. பிறகு கேட்கவா வேண்டும்! பஸ் வந்தால் ஆஹா, முள்ளங்கி வாங்கினால் ஆஹா. ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து "ஆஹா!" என்றதில் நோயாளி மயங்கியே விழுந்துவிட்டான். கண்ணாடிக்காரரும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் பயிற்சிக்கு ஓடினார். பள்ளத்தாக்குக்கு மூச்சை இழுத்து ஆஹா, சிகரத்துக்கு நெஞ்சில் கை வைத்து ஆஹா என்று தேர்ந்தும்விட்டார்.

"நீயும் வந்து கத்துக்கோயேன்மா."

"பார்க்காத மலைக்கு இப்பவே என்னத்தைங்க வியக்கறது? பார்த்தா தானா வந்துட்டுப் போகுது."

"தானா வந்தா செல்லாதும்மா. முறையா வரணும்."

தேர்வு அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னலை ஒரு இரும்பு பீரோ அடைத்துக்கொண்டு நிற்க, எதிர்ச் சுவரில் மலைப் படம் போட்ட காலண்டர் தொங்கியது. கண்ணாடிக்காரர் காலண்டரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "ஆஹா!" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டார். அதிகாரி அசந்துபோய், "கண்ணீருக்குத் தனி மதிப்பெண்" என்று முத்திரை குத்தினார்.

"சார் எத்தனை தடவை மேல போயிருக்கீங்க?"

"நான் எங்கங்க போறது? எனக்கு அனுமதி தர வேண்டிய அதிகாரியும் நானேதான். எனக்கு நானே கொடுத்துக்கிட்டா அது ஊழல்."

மனைவியின் முறை வந்தது. அவள் காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை. பீரோவுக்கு மேலே இருந்த இடுக்கு வழியாக, தூரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. மலை! உச்சியில் ஒரு மேகம் சாய்ந்து படுத்திருந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள், வாயில் பேச்சில்லை.

"அம்மா, மலை இந்தப் பக்கம்!" என்று அதிகாரி காலண்டரைத் தட்டினார். அவள் அசையவில்லை. 'வியப்பு இல்லை, கவனக்குறைவு உண்டு' என்று எழுதி, "தோத்தா தோத்ததுதான், மறுதேர்வு கிடையாது" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் குதித்தார். "மானத்தை வாங்கிட்டியே! ஒரு ஆஹா சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

அவள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்து, நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள். துணி காயப்போடும் பக்கத்தை விட்டு, யாரும் போகாத தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். "அந்த பீரோ மறைச்சதைத்தாங்க இந்தத் தொட்டியும் மறைச்சிருக்கு. வந்து பாருங்க."

மலை முழுசாக நின்றது. கண்ணாடிக்காரருக்குக் கற்ற வித்தை எல்லாம் மறந்துபோனது. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக இது நம் தலைக்கு மேலேயா இருந்தது என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

விஷயம் பரவாமல் இருக்குமா? மறுநாள் காலையில் மனைவி பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், மாடிப்படியிலிருந்து தெருமுனை வரை கூட்டம். படிக்குக் கீழே கடை மேஜை, கடை நாற்காலி. நாற்காலியில் அவள் வீட்டுக்காரர்.

"அடுத்து! சத்தம் பத்தலை, இன்னொரு தடவை."

வரிசையின் முதல் ஆளாக, நெஞ்சில் கை வைத்தபடி தகுதி அலுவலக அதிகாரி நின்றிருந்தார். அவருக்கும் அனுமதி தர ஒருவழியாக ஊரில் ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

மனைவி அவரைத் தாண்டிப் படியில் கால் வைத்தாள். கண்ணாடிக்காரர் தலை நிமிராமலே கையை நீட்டினார்.

"சான்றிதழ்?"

"என்னங்க, நான்தான்."

"தெரியுதும்மா. அதனாலதான் கேக்கறேன். நீ தோத்தவளாச்சே."

"விதின்னா விதிதாங்க" என்றார் அதிகாரி. வரிசை மொத்தமும் ஆமாம் போட்டது.

அவள் பால் பாத்திரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நாற்காலியில் இருந்தவரை உச்சி முதல் பாதம் வரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆஹா!" என்றாள்.

அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. "சார், குத்துங்க முத்திரையை! என் சர்வீஸ்ல இப்படி ஒரு அசல் ஆஹாவை நான் கேட்டதே இல்லை."