இரண்டு தடவை செத்த இளவரசன்

பிணமாக நடிப்பதுதான் உலகத்திலேயே சுலபமான நடிப்பு என்று நினைப்பவர்கள் ஒருநாளாவது மேடையில் படுத்துப் பார்க்க வேண்டும். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, கூலிக்கு மாரடிக்கிற வேலை கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் உடம்பில் எங்கேயாவது ஓர் இடத்தில் அரித்துவிட்டால் போச்சு. எனக்கு உடம்பு முழுவதும் அரித்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. அக்காள்மடத்தில் தையல் கடை வைத்திருந்தேன். (கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி. கண்ணாடி வாடிக்கையாளருக்காக வாங்கியது. அதிகம் பார்த்தது நான்தான்.) அந்த வருஷம் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு, ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தாமே ஒரு நாடகம் எழுதினார். பாம்பு கடித்துச் செத்துப்போன இளவரசனை ஒரு தபசி ஜெபம் பண்ணி எழுப்பும் கதை. எனக்குத் தபசி வேஷத்தின் மீது கண். ஆனால் அது வலை இழுக்கிற குரூஸுக்குப் போய்விட்டது. அவன் பாடினால் நடுக்கடலில் இருக்கிறவனுக்கும் கேட்கும்.

“உனக்கு இளவரசன். நெறமா இருக்க, பாக்க நல்லா இருக்கும்,” என்றார் உபதேசியார்.

“இளவரசன் ரெண்டாவது காட்சியிலயே செத்துப் போறானே, ஐயா?”

“செத்தா என்ன? கடைசி வரைக்கும் மேடையிலதான கெடக்கப் போற?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மேலும் காரங்காட்டிலிருந்து எனக்குப் பெண் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. திருவிழா பார்க்கிற சாக்கில் பெண்ணின் அய்யாவும் பெண்ணும் வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையை மேடையில், அதுவும் இளவரசனாகப் பார்ப்பது யாருக்குக் கிடைக்கும்? ஊதா சாட்டின் துணி எடுத்து, எனக்கு நானே அளவெடுத்து, உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி ஓர் அங்கி தைத்தேன். முன்பக்கம் மடிப்புக் கலையக்கூடாது என்று பொத்தான்களை முதுகுப் பக்கம் வைத்தேன். இன்னொருவர் உதவியில்லாமல் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. (தையல் தொழிலில் இப்படி ஓர் உடுப்பை வேறு யாருக்கும் நான் தைத்துக் கொடுத்ததில்லை.)

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, செத்தவன் எப்படிக் கிடப்பான் என்று பழகிப் பார்க்க ஆசை வந்தது. வீட்டுக்குள் இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து தென்னையும் ஒரு கிணறும் உள்ள தோட்டம். கிணற்றுத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால் ஓரம் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று முழங்கால் அளவுக்கு வளர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பொத்தான்களைப் போடச் சொல்லி, அங்கியோடு அதில் போய் மல்லாந்து படுத்தேன்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த என் அக்கா பிலோமினா பார்த்துவிட்டு, “ஏலே, அங்கன படுக்காத. புல்லுல செவப்பா, பொடிசாப் பூச்சி இருக்கு. ஆட்டையே நான் அங்கன கட்டுறதில்ல,” என்றாள்.

பிணம் பதில் சொல்லக்கூடாது என்பதால் நான் பேசாமல் கிடந்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பூச்சி எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அது பெரிய பூச்சி. இது ஊசி முனையில் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் வரை அசையாமல் செத்துக் கிடந்தேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

விடிந்தபோது இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்ட மாதிரி சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அக்குளில், முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கில் என்று அங்கி எங்கெல்லாம் இறுக்கிப் பிடித்ததோ அங்கெல்லாம். அளவெடுத்துத் தைத்தவன் நான். அளவெடுத்துக் கடித்தவை அவை. தொடத் தொட அரிப்பு. சொறியச் சொறிய சுகம். விட்டால் முன்னைவிட மோசம்.

என் கூட்டாளி சூசைதான் முதல் வைத்தியன். நாடகத்தில் அவனுக்கு ராணி வேஷம், அதாவது என் தாயார். “கடல்ல போய் விழுலே. உப்புத் தண்ணி பட்டா ஒரே நாளுல காஞ்சிரும்,” என்றான். விழுந்தேன். சொறிந்து ரணமான உடம்பில் உப்புத் தண்ணீர் பட்டதும், வலையில் மாட்டிய மீன் கரையில் குதிப்பதுபோலக் குதித்தேன். கரையில் நின்றவர்கள் எனக்கு நீச்சல் தெரியாது என்று நினைத்து இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள்.

அடுத்து வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அரிப்பு கொஞ்சம் அடங்கியது. நான் மஞ்சள் நிறமானேன். அக்கா என் துணிகளை வெந்நீரில் ஊறப்போட்டாள். என்னையும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னாள். சொறிந்து புண்ணாக்கிவிடுவேன் என்று என் நகங்களையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டாள். சாட்டின் அங்கியையும் அவள் வெந்நீரில் போடத்தான் கேட்டாள். சாயம் போய்விடும் என்று நான் கொடுக்கவில்லை. அதை ஒரு தடவை உதறி ஆணியில் மாட்டினேன். (உதறினால் போகிற ஜாதியா அது?)

திருவிழா அன்று, பொழுது சாய்கிற நேரம். பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றிவிட்டார்கள். நான் அங்கிக்குள் நுழைய, சூசை பொத்தான்களைப் போட்டு முடித்ததும் ஒடுங்கியிருந்த அரிப்பெல்லாம் ஒன்றாக எழுந்தது. யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: மண்ணெண்ணெய் பட்டால் பூச்சி சாகும். விளக்குக்கு வைத்திருந்த டின்னை எடுத்துக் கழுத்து வழியாக உள்ளே ஊற்றிக்கொண்டேன்.

இரண்டாவது காட்சியில் பாம்பு கடித்தது. செத்தேன். அருமையான சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். வாயில் துடிப்பு, கையில் நடுக்கம், எல்லாம் உண்மையானவை. என்னைக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் ஒரு பெட்ரோமாக்ஸையும் வைத்தார்கள். ராணி ஓடி வந்து மாரில் விழுந்து, “சந்தனமாய் மணக்குதே என் செல்வ மகன் மேனி!” என்று ஒப்பாரியைத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

ராணி என் காதோடு குனிந்தாள். “ஏலே, மண்ணெண்ணெய்லயா குளிச்ச? வெளக்கு பக்கத்துல இருக்குலே. பத்துனா ரெண்டு பேரும் நெசமாவே செத்துருவோம்.”

“மாப்ள, இடுப்பச் சொறிடா. ஒன் கால்ல விழுறேன்.”

சூசை நல்லவன். அழுதுகொண்டே சொறிந்தான். நெஞ்சில் அடித்துக்கொள்கிற கையால் என் விலாவைச் சொறிந்தான், மடியில் புரளுகிற பாவனையில் முழங்காலைச் சொறிந்தான். பெற்ற தாயின் தவிப்பைப் பார்த்துப் பெண்கள் பக்கம் ஒரே அழுகை. அவன் பாட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் தபசி வரும்போது ராணி போயாக வேண்டும், போனாள்.

குரூஸ் வந்தான். ஒவ்வொரு புனிதரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்றாடுகிற பாட்டு அது. எந்தப் புனிதரையும் அவன் அவசரப்படுத்தவில்லை. எனக்கோ இடுப்பில் தொடங்கி முதுகுக்கு ஏறியது. நகமில்லாத விரலால் கட்டில் பலகையைப் பிறாண்டினேன். பல்லைக் கடித்தேன். அடுத்த புனிதரை அவன் கூப்பிட வாயைத் திறந்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

குரூஸ் திறந்த வாயை மூடவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியாரின் குரல் வந்தது: “படுலே! பாட்டு இன்னும் முடியல, படு!”

படுத்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். இளவரசன் இரண்டாவது தடவையாகச் செத்தான். குரூஸ் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தான்.

யாரோ ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு, “கேக்கும் முன்னாலயே குடுத்துட்டாரு ஆண்டவரு. இந்தாளுதான் விடாமப் பாடிக் கெடுத்துப்புட்டான்,” என்றது தெளிவாகக் கேட்டது. அதற்குமேல் சபை அடங்கவில்லை. நானும் அடங்கவில்லை. எழுந்து, மேடையிலிருந்து குதித்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிறாண்டிக்கொண்டு ஜனங்களுக்கு நடுவே ஓடினேன். முதுகில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பின்னால் குரூஸின் குரல் மட்டும் கம்பீரமாகக் கேட்டது: “பாருங்கள்! செத்தவன் ஓடுகிறான்! பாருங்கள்!” நாடகத்தைக் காப்பாற்றியவன் அவன்தான்.

மறுநாள் காலையில் பெண்ணின் தகப்பனார், அந்தக் காரங்காட்டுக்காரர், எங்கள் வீட்டுக்கு வந்தார். மீன்பிடிக்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். நான் உள்ளே வேப்பிலை விழுதோடு உட்கார்ந்திருந்தேன்.

“மாப்பிள்ளைக்குச் சொறி செரங்கு ஏதும் உண்டுமா?” என்று கேட்டார்.

“அய்யோ, அதெல்லாம் இல்லீக. தோட்டத்துப் புல்லுல பூச்சி,” என்றாள் அக்கா.

“பூச்சி கடிச்சா இப்பிடியா ஆடுவான் ஒருத்தன்?”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்பலைன்னா அங்கன போய்ச் செத்த நேரம் ஒக்காந்து பாருங்க.”

அவர் நிஜமாகவே போய் உட்கார்ந்தார். நல்ல காற்று, அப்படியே சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டார். எழுந்து, ஒன்றும் கடிக்கவில்லை என்று அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டார். சம்பந்தம் முறிந்தது என்று நான் மெஷினில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் தம்பி வந்தார். “அண்ணனுக்குச் சம்மதம். நாள் குறிக்கச் சொன்னாக,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த அரிப்புக்கு நீங்க என்ன போட்டீக? ஒடனே கேட்டுட்டு வரச் சொன்னாக,” என்றார்.

கல்யாணமாகி ஒரு மாதம் போனபின் என் மனைவி ரோசம்மாளிடம் கேட்டேன், அந்தக் கூத்தைப் பார்த்த பிறகும் என்னை எப்படிப் பிடித்தது என்று.

“எந்திரிச்சு ஒக்காந்தப்ப பிடிக்கல. ஓடுனப்பவும் பிடிக்கல,” என்றாள். “படுன்னு சொன்னதும் மறுபேச்சுப் பேசாமத் திரும்பப் படுத்தீக பாருங்க, அப்பப் பிடிச்சுச்சு. இந்தாளு சொன்ன பேச்சுக் கேப்பாருன்னு தெரிஞ்சுச்சு.”

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் இடையில் எழுந்து ஏதாவது சொல்லப் போனால், பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஒரே குரலில், “பாட்டு இன்னும் முடியல!” என்பார்கள். நானும் உட்கார்ந்துவிடுவேன்.