ஒடிசலப்பனின் இடுப்பு

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. நரி என்றதும் தந்திரக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த நரியிடம் தந்திரமெல்லாம் கிடையாது, அளவான எடை ஒன்றுதான் இருந்தது. பெயர் ஒடிசலப்பன். சிங்க ராஜா வேட்டைக்குக் கிளம்பினால் முன்னால் ஓடி மோப்பம் பிடித்துச் சொல்வது அவன் வேலை. அதற்குக் கூலி, அடித்த மிருகத்தின் ஈரல் முழுசும். மற்ற நரிகள் எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்த காட்டில் இது எப்பேர்ப்பட்ட உத்தியோகம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் வருஷா வருஷம் மருத்துவ முகாம் போடுவார்கள். முகாம் என்றால் ஒரு எடை மிஷின், அவ்வளவுதான். ஒடிசலப்பன் ஏறுவான், முள் சரியான இடத்தில் நிற்கும், இறங்குவான். அன்றைக்குப் பூரா அவன் தொல்லை தாங்காது. கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கும் காட்டுப்பன்றி பாறையப்பனிடம் போய் உட்கார்ந்துகொண்டு, உடம்பைக் குறை, காலையில் நட என்று புத்தி சொல்வான். பாறையப்பன் பாவம், தோண்டுவதை நிறுத்தாமலே தலையை ஆட்டுவான்.

வேட்டை இல்லாத நாளில் ஒடிசலப்பன் என்ன செய்வான் என்கிறீர்கள்? தேக்கு மரத்தடியில் படுத்து, தின்ற ஈரல் செரிக்கக் காத்திருப்பான். கை கால் எல்லாம் குச்சி. நடுவில் மட்டும் பானையைக் கட்டிவிட்ட மாதிரி ஒரு வயிறு. யாராவது அதைப் பார்த்துவிட்டால் உடனே அரைஞாண் கயிற்றை எடுத்துக் காட்டுவான். கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டியது, இன்றுவரை ஒரு சுற்று தளர்த்தியதில்லை என்பான். உண்மைதான், தளர்த்தவில்லை. வயிறு வளர வளரக் கயிறு தானாகக் கீழே இறங்கிப் போய்த் தொடைப்பக்கம் குடியிருந்தது. காடு முழுக்க ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் கயிறு அங்கேதான் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் விடியும்போது அவனுடைய கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. ஈ உட்கார்ந்தாலே உயிர் போனது. முள் குத்திவிட்டது என்றான். அவன் மனைவி வடிவாள் நம்பவில்லை. முகாமுக்குப் புதிதாக வந்திருந்த முள்ளம்பன்றி டாக்டரம்மாவிடம் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்தி, ரத்தத்தைத் தொன்னையில் பிடித்து வைத்தாள். ரத்தம் பால் கலந்த மாதிரி கலங்கி, மேலே ஏடு கட்டியது. ஈரல் தின்னத் தின்ன ஏறி, பெருவிரலில் போய் உட்காரும் யூரிக் ஆசிட்டும் தலைக்கு மேல் போயிருந்தது. அடுத்து இடுப்பை அளக்கச் சாரைப்பாம்பைக் கூப்பிட்டாள். டாக்டரம்மாவுக்கு நாடா அதுதான்.

"கயிறு இருக்கிற இடத்துல அளங்க" என்றான் ஒடிசலப்பன்.

"இல்லண்ணே, தொப்புளுக்கு நேராத்தான் அளக்கணும்" என்று சாரை சுற்றிக்கொண்டது.

ஒடிசலப்பன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான். சாரை அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம்தான் பிடிப்பான்? மூச்சை விட்டான், வயிறு வெளியே வந்தது. சாரையின் தலையும் வாலும் ஒட்டவே இல்லை.

"எடை சரியாத்தான் இருக்கு. ஆனா அது எங்க போய் உக்காந்திருக்குன்னு மிஷினுக்குத் தெரியாது" என்றாள் டாக்டரம்மா. மருந்து தருகிறேன், தண்ணீர் நிறையக் குடி, தினம் நட, ஈரலை மறந்துவிடு, கால் ஆறும் வரை வேட்டைக்குப் போகாதே என்றாள். இவ்வளவுதான். கேட்டிருந்தால் பேரன் பேத்தி எடுத்திருப்பான். ஆனால் வேட்டைக்குப் போகாவிட்டால் வேலையை வேறொரு நரி கொத்திக்கொண்டு போய்விடுமே என்று கணக்குப் போட்டான்.

"இடுப்புல ஒண்ணும் தப்பில்ல டாக்டரம்மா. உங்க நாடாதான் குட்டை" என்று எழுந்தான்.

நொண்டிக்கொண்டே ராஜாவிடம் போய் முறையிட்டான். ராஜா தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அடுத்த முறை தன்னையும் அந்தச் சாரை சுற்றுமே என்று தோன்றியதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாரையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாடா வேலைக்கு மலைப்பாம்பைப் போட்டார். காட்டில் அதைவிட நீளம் கிடையாது.

வடிவாளுக்குத் தூக்கம் போய்விட்டது. "என்னங்க, அது சாப்பிட்டு மாசக்கணக்குல ஆச்சாம். போகாதீங்க" என்று அழுதாள்.

"அளக்க வர்றவன் சாப்பிட்டானா இல்லையான்னு நான் எதுக்குடி கேக்கணும்?" என்று கிளம்பினான்.

மலைப்பாம்பு ஒரு சுற்று சுற்றியது. தலையும் வாலும் ஒட்டியது மட்டுமா, முக்கால்வாசி உடம்பு மிச்சமிருந்தது. ஒடிசலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தான். மிச்சமிருந்த உடம்பு இன்னொரு சுற்று வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. ஓடப் பார்த்தான், பெருவிரல் விடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தான். மலைப்பாம்பும் அவசரப்படவில்லை. அவன் மூச்சை விட்டபோது இறுக்கியது. டாக்டரம்மா முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தியும் அது விடவில்லை. அன்றைக்கு ஒடிசலப்பனின் இடுப்பு கல்யாணத்தின்போது இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

வடிவாள் கதறியதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்லவன்தான் அவன். கொஞ்சம் நடந்திருக்கலாம், அவ்வளவுதான். பாறையப்பன் தோண்டுவதை நிறுத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நாளில் மலைப்பாம்பே முனகிக்கொண்டு முகாமுக்கு வந்தது. அத்தனை வருஷத்து ஈரலையும் சேர்த்தல்லவா விழுங்கியிருக்கிறது! உயிர் போகிற வலி என்றது. எங்கே வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்டாள். பெருவிரல் இல்லாத ஜென்மம், எங்கே என்று சொல்லும்? சரி, இடுப்பை அளந்து பார்ப்போம் என்றாள். மலைப்பாம்பு தன்னைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இடுப்பு எனக்கு எந்தப் பக்கம் என்று கேட்டது.

நீதி: இடுப்பை அளக்க வரும் நாடா பத்தவில்லை என்றால் அதைக் குறை சொல்லாதீர்கள். குட்டை நாடாவுக்குப் பசியும் கம்மி.