வாய்தா வக்கீலும் தெருக்குழாயும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் ஆவுடையப்பன் எந்த வழக்கிலும் தோற்றதில்லை. தோற்க வேண்டுமானால் வழக்கு முடிய வேண்டும். அவர் எதையும் முடிய விட்டதில்லை. வாய்தா வாங்குவதில் அவருக்கு நிகர் அவரே. தாத்தா தொடுத்து, மகன் நடத்தி, பேரன் அலைகிற வழக்குகளெல்லாம் அவரிடம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன.

இப்பேர்ப்பட்ட அனுபவம் பொதுவாழ்வுக்குத் தேவை என்று அவருக்கே தோன்றியதால், 1986 நகராட்சித் தேர்தலில் சொந்த ஊரான ராஜபாளையத்தில் தம் வார்டில் நின்று ஜெயித்தார்.

பதவியேற்ற மறுநாளே மில் தொழிலாளி வேலுத்தாய் காலிக்குடத்தோடு வந்து நின்றாள்.

"எங்க தெருவுக்கு ஒரு குழாய் வேணும்யா. தண்ணிக்கு மூணு தெரு தாண்டி நடக்கோம். ஷிப்டுக்குப் பிந்திப் போனா கேட்டைப் பூட்டிருதாங்க."

"மனு போட்டிருவோம். வக்கீலா நானே எழுதித் தாரேன்."

"யாருக்குய்யா போடணும்?"

"வார்டு கவுன்சிலருக்கு."

"அது நீங்கதான?"

"ஆமா. இருந்தாலும் அவரை முறைப்படிதான் அணுகணும்."

முறைப்படி அணுகினார். கவுன்சிலர் ஆவுடையப்பன் மனுவைப் பரிசீலித்து, விவரம் போதவில்லை என்று எழுதினார். விவரம் திரட்ட வக்கீல் ஆவுடையப்பன் வாய்தா கேட்டார். கவுன்சிலர் பெரிய மனசு பண்ணி இரண்டு மாதம் கொடுத்தார். கனம் கவுன்சிலருக்கு நன்றி தெரிவித்து வக்கீல் ஒரு கடிதமும் எழுதினார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் தெருப் பெண்கள் தலைசீவிப் பூ வைத்து, காலிக்குடங்களைச் சாட்சியாக இடுப்பில் ஏந்தி வந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் கும்பிட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

1991-ல் பதவிக்காலம் முடிந்தது. ஆனால் தேர்தல் வரவில்லை. அரசாங்கமே தேர்தலுக்கு வாய்தா போட்டுவிட்டது. தம் வித்தை கோட்டை வரைக்கும் போய்விட்டதே என்று ஆவுடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. பதவி இல்லாத அந்த வருஷங்களிலும் மனு நிலுவையில் பத்திரமாக இருந்தது.

1996-ல் ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது அவருக்கு உதறல் எடுத்தது. எதிர்த்து நின்ற ஓட்டல்காரர் சீனிச்சாமி, பக்கத்துத் தெருவில் கைக்காசைச் செலவழித்து ஒரே மாதத்தில் குழாய் போட்டுத் தண்ணீரும் வரவைத்துவிட்டார்.

வேலுத்தாய் வாசலில் நின்றபோது ஆவுடையப்பனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"பத்து வருசமாச்சு, குழாய் வரல. நீ சீனிச்சாமிக்கே ஓட்டுப் போட்டாலும் குத்தம் சொல்ல மாட்டேன் தாயி."

வேலுத்தாய் பதறிப்போனாள்.

"என்னய்யா இப்படிப் பேசுதிய? கேஸு நடக்கையில பாதியில வக்கீல மாத்துவாகளா? புதுசா வாரவரு முதல்ல இருந்துல்லா கேஸு கட்டைப் படிக்கணும். இம்புட்டு வருசம் நடந்ததெல்லாம் பாழாப் போயிராதா?"

தெருவே அப்படித்தான் நினைத்தது. போன தடவையைவிட நானூறு ஓட்டு கூடுதலாக வாங்கி ஜெயித்தார்.

மறுநாள் காலையில் வேலுத்தாய் பக்கத்துத் தெருக் குழாயடியில் கடைசி ஆளாக நின்றாள்.

"உங்க தெருவுக்கு எப்ப தண்ணி வரும்டி?" என்று கேட்டாள், குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த செல்லத்தாய்.

வேலுத்தாய் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கென்னக்கா, ஒரே மாசத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. எங்களுக்குக் கார்த்திகை இருபதாம் தேதி வாய்தா."