பதினைந்து திரியும் ஒரு பிடில்காரரும்

என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் ஒன்று சொல்வேன்: மனிசர் பெரிய பிழை விடுவது நன்றாகத் தெரிந்த வேலையில்தான். தெரியாத வேலையென்றால் பயந்து பயந்து, நாலு பேரைக் கேட்டுச் செய்வோமே. இதை நான் பதினேழு வயதில், ஊர் முழுக்கப் பார்த்திருக்கப் படித்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். நாயாற்றுக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில் எங்கள் ஊர். பறங்கியர் காலத்தில் கட்டத் தொடங்கியது என்று சொல்லப்படுகிற பழைய கோயில். என் அப்பு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்) அங்கே மணி அடிப்பவர், திரி ஏற்றி அணைப்பவர். அவருக்கு முன் அவருடைய தகப்பன். நாங்கள் இருந்த வீடும் கோயில் வளவுக்குள்தான். வேலை போனால் வீடும் போகும். அப்புவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கோயில் மூப்பர் சவிரிமுத்தரோ தன் தங்கச்சி புருஷனை அந்த வேலையில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பிழை அகப்பட்டால் அவருக்குப் போதும்.

அப்போதைய பங்குச் சுவாமி ஒரு வெள்ளைக்காரர். அவருடைய தமையன் கப்பலேறி அவரைப் பார்க்க வந்தார். நெட்டையான மனிசன், கையில் ஒரு கறுப்புப் பெட்டி. (ஏதோ குழந்தைப் பிரேதம் என்று நினைத்து, கோயில் கூட்டுகிற மதலேனம்மா மாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா.) உள்ளே இருந்தது பிடில். ஞாயிறு பூசையில் சுவாமி தன் புத்தகத் தமிழில் அறிவித்தார்:

"என் தமையனார் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இசையை, அக்கால வழக்கப்படி மெழுகுதிரி வெளிச்சத்தில் இங்கே வாசிப்பார். இது பூசையன்று. ஆயினும் பூசையில் இருப்பதுபோல் அமைதியாய் இருப்பீர்களாக. ஒருவரும் கை தட்ட வேண்டாம்."

பூசையும் இல்லை, பூசை மாதிரியும் இருக்க வேண்டும் என்றால் அது என்ன? ஊருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் விளங்காததை வெளியில் காட்டுகிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை.

வாசிக்கிற நாளன்று பார்த்து அப்பு காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"பிள்ளை, உன்னாலை ஏலுமோ?"

"நீங்கள் செய்யிறதைப் பிறந்த நாள் துவக்கம் பாக்கிறன் அப்பு."

"பிடில்காரர் கடதாசி பாத்துத்தான் வாசிப்பாராம். பக்கத்திலை நல்ல வெளிச்சம் வேணுமாம். கவனம். சவிரிமுத்தன் கண்ணை வச்சுக்கொண்டு நிப்பான்."

நிறையத் திரி நிற்கக்கூடிய தண்டு கோயிலில் ஒன்றே ஒன்று. ஆண்டவர் பாடுபட்டதை நினைக்கிற பெரிய கிழமையில் மட்டும் வெளியே எடுக்கிற முக்கோணத் தண்டு, பதினைந்து திரி பிடிக்கும். பெரிய கிழமையில் ஒவ்வொரு செபமும் பாடி முடிய ஒரு திரியை அணைப்பார்கள். ஆண்டவரைச் சீடர்கள் ஒவ்வொருவராய் விட்டுப்போனதற்கு அது அடையாளம். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் மறைவுக்குக் கொண்டுபோவார்கள். இருட்டில் சனம் நிலத்தில் அடித்துச் சத்தம் எழுப்பும். அது பூமி அதிர்ந்ததற்கு அடையாளம். பிறகு திரி திரும்பி வரும். எல்லோரும் ஒரு சொல் பேசாமல் எழும்பி வீட்டுக்குப் போவார்கள்.

அந்தத் தண்டைத்தான் தூசி தட்டி, பதினைந்து திரியும் ஏற்றி, பிடில்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அதைத் தவிர என் மேல் குற்றம் இல்லை. (அதுதான் முழுக் குற்றமும் என்று என் புருஷன் சாகும்வரை சொன்னார்.)

பொழுதுபட்டது. சனம் பாயில் நெருங்கி உட்கார்ந்தது. சுவாமி முன்னால் கதிரையில் இருந்து, தமையன் வில்லை எடுத்த உடனேயே கண்ணை மூடிவிட்டார். ஊர் நினைவு வந்திருக்கும், பாவம். அந்தக் கண்ணை அவர் கடைசிமட்டும் திறக்கவில்லை.

முதல் வாசிப்பு, வலை இழுத்துக் களைத்தவர்கள் மூச்சு வாங்குவதுபோல் மெல்ல மெல்லப் போய் நின்றது. கை தட்டல் இல்லை. இருமல்கூட இல்லை. சனம் பிடில்காரரைப் பார்த்தது. பிறகு தண்டைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"எடி திரேசு, ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்? திரியை அணையன்" என்று மதலேனம்மா மாமி பின்னால் இருந்து குசுகுசுத்தா.

"சுவாமி இது பூசையில்லையெண்டவர், மாமி."

"பெரிய கிழமையிலை செய்யிறதும் பூசையில்லைத்தானே. தண்டைக் கொண்டந்து வச்சது ஆர்? நீதானே."

தூணோடு பிரம்பை ஊன்றி நின்ற சவிரிமுத்தர் ஒரு புருவத்தை உயர்த்தினார். அது போதும் எனக்கு. நீண்ட தடியை எடுத்துக்கொண்டு போய், வழக்கப்படி ஆகக் கீழே இருந்த திரியை அணைத்தேன். பிடில்காரர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். அவரும் குனிந்தார். சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது வாசிப்பு குதியாட்டமாக இருந்தது. பெரிய கிழமையில் அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. வெள்ளைக்காரர் ஊரில் துக்கம் இப்படித்தானாக்கும் என்று நினைத்து, முடிந்ததும் மற்றப் பக்கத்துத் திரியை அணைத்தேன். இடையில் அவர் காதைச் சரித்துக் கம்பியை முறுக்கிக் கீச்சென்று இரண்டு இழுப்பு இழுத்தார். அதற்கும் ஒன்று அணைத்தேன். பிறகு இன்னொருமுறை முறுக்கினார். அதற்கும்.

எட்டுத் திரி போன பிறகு, அவர் கடதாசித் தாங்கியைத் தண்டுக்குக் கிட்ட இழுத்தார். பத்துப் போக, மூக்கைக் கடதாசியில் முட்டிக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. 'நான் சரியாக வாசிக்கிறேனோ' என்று கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். நல்லாய் வாசிக்கிறீர்கள் என்று கண்ணைச் சிமிட்டித் தைரியம் சொன்னேன்.

பதினாலும் போனது. அவர் அடுத்த கடதாசியைப் புரட்டுகிற நேரம் பார்த்து, பதினைந்தாவதைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் காற்று மறைத்துக்கொண்டு, பூசை உடுப்பு வைக்கிற அறைக்குள் போனேன்.

கோயில் கும்மிருட்டு. உடனே ஊர் தன் கடமையைச் செய்தது. கையாலும் செருப்பாலும் செபப்புத்தகத்தாலும் நிலத்தில் அடித்தது. அந்தச் சத்தத்துக்குள், எல்லாவற்றையும் மீறி, டக் டக் என்று ஒரு பிரம்பு.

நான் திரியோடு திரும்பி வந்தபோது பிடில்காரர் கதிரைக்குப் பின்னால் குந்தியிருந்தார். பிடிலைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். சனம் எழும்பி, தலையைக் குனிந்து, ஒரு சொல் பேசாமல் வெளியே போனது. சத்தத்துக்குக் கண் திறந்த சுவாமிக்கு என்ன நடந்தது என்று விளங்குவதற்குள் கோயிலில் நாங்கள் மூன்று பேரும் ஒரு திரியும்தான் மிச்சம்.

தமையன் தம்பியிடம் ஏதோ கேட்டார். 'இவர்கள் ஏன் என்னை அடிக்க வந்தார்கள், பிறகு ஏன் மன்னித்துவிட்டுப் போனார்கள்' என்று கேட்டாராம். சுவாமி பிறகுதான் சொன்னார்.

விடியவே சவிரிமுத்தர் வந்துவிட்டார். "சுவாமி, ஊருக்கே வெக்கக்கேடு. இனியும் உந்தக் குடும்பத்தைக் கோயிலுக்குள்ளை விடேலாது."

அப்பு போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். என் கண்ணுக்குள் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. சுவாமி என்னைப் பார்த்து, ஏன் அணைத்தாய் என்று கேட்டார். நான் அப்புவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

அப்போது கோயில் கூட்டப் போன மதலேனம்மா மாமி கையில் ஒரு துண்டுத் தடியோடு வந்தா.

"மூப்பர், உங்கடை பிரம்பின்ரை கீழ்ப்பாதி தூணடியிலை கிடந்தது. நல்லாய்த்தான் அடிச்சிருக்கிறியள்."

சுவாமி மூப்பரின் கையைப் பார்த்தார். அதில் மேல்பாதிகூட இல்லை.

"நீரும் அடித்தீரோ?" என்று கேட்டார்.

"எல்லாரும் அடிச்சவை, சுவாமி" என்றார் சவிரிமுத்தர், மெதுவாக.

சுவாமி திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் முழங்காலில் விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வேலை அப்புவுக்கே இருந்தது, வீடும் இருந்தது. அந்த வீட்டு வாசலில்தான் எனக்குக் கலியாணப் பந்தல் போட்டார்கள்.

பதினாலு திரியையும் வரிசை பிசகாமல் அணைத்தேன் என்பதை ஒருவரும் பாராட்டவில்லை. அது கிடக்கட்டும். இப்போது எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக்கில் திரி ஏற்றி வெட்டும்போது என்னைக் கதவடியில்தான் இருத்துகிறார்கள். பாடுகிறவர்கள் இடையில் மூச்சு வாங்கினால் போதும், மருமகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறா.

"பொறுங்கோ மாமி, பாட்டு இன்னும் முடியேல்லை."