கோவிந்தா என்றதும் இறக்கிவிட்டார்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், மேனேஜர் முகம் ஞாபகத்துக்கு வரும், மூடி வைத்துவிடுவேன். பத்தாவதோடு நின்றவனுக்குக் கட்டுரை எதற்கு என்று என் மனைவி அலமேலுவும் கேட்டாள். ஆனால் கம்பெனி கேன்டீனில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்வதில் நான் பயத்தில் நாயைக் கடித்துவிட்டேன். இன்னொருவர் சொல்வதில் நாய் என் பேன்ட்டை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. எல்லார் கதையிலும் ஒரே ஒரு வரி மட்டும் காணாமல் போயிருக்கிறது. அந்த வரிக்காகத்தான் பெருமாளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை எனக்கு. கான்ட்ராக்ட். அங்கே அடையாள அட்டை தொங்குகிற கழுத்துப் பட்டையைப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடலாம். நீலப் பட்டை என்றால் பர்மனென்ட். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட், கேன்டீனில் முட்டையோடு சாப்பாடு. மஞ்சள் பட்டை என்றால் கான்ட்ராக்ட். ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை ஷெட் ஓரம் உட்கார்ந்து திறக்க வேண்டும். "மஞ்சள் மங்களகரமான நிறம்" என்று அலமேலு ஆறுதல் சொல்வாள். (அத்தனை வருஷம் மங்களகரமாக இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.)

அப்போது மகள் பத்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்குவதற்குள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பொண்ணோட அப்பா கம்பெனியில பர்மனென்டா?" அதற்கப்புறம் காபி ஆறிவிடும்.

அந்தச் சமயம் பார்த்துப் புது மேனேஜர் வந்தார். மும்பையில் வளர்ந்த தமிழர். லீவு நாளானால் கயிறும் கொக்கியுமாகப் பாறை ஏறப் போய்விடுவார். கூடவே ப்ரூனோ என்ற அவருடைய நாய். வாரத்துக்கு இரண்டு முறை ஷாம்பூ குளியல் கண்ட உடம்பு. வந்த கொஞ்ச நாளில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். தொழிலாளர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பாறை ஏற்றத்துக்கு வர வேண்டும், வளர்ப்பு நாய் இருந்தால் அழைத்து வரலாம் என்று. மெயின்டனன்ஸில் ஒரு ஆளைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், அந்த ஆளை மேனேஜர் பாறையில் வைத்துத்தான் பொறுக்கப்போகிறார் என்றும் பேச்சு அடிபட்டது.

என்னோடு வேலை பார்த்த அந்தோணிதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"நைனா, மேனேஜருக்கு ரெண்டுதான் உசுரு. ஒண்ணு பாறை, இன்னொண்ணு நாயி. பாறை அவராண்ட கீது. நாயி உன்னாண்ட கீது. அப்புறம் இன்னா, நீலப் பட்டை உன் கழுத்துக்குத் தானா வரும்!"

எங்கள் நாயின் பெயர் ஜிம்மி. புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் குட்டியாக வாசலுக்கு வந்து சேர்ந்தவன். அந்தச் சனிக்கிழமைகளில் நான் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பை ஏந்தி, "கோவிந்தா! கோவிந்தா!" என்று தெருத்தெருவாக அரிசி வாங்கி வருவேன். அலமேலு தளிகை போடுவாள். கற்பூரம் காட்டி எல்லோரும் ஒரு முறை "கோவிந்தா!" என்று குரல் கொடுத்ததும் ஜிம்மிக்கும் இலையில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. இதனால் ஜிம்மியின் அகராதியில் பெருமாள் பெயருக்கு ஒரே அர்த்தம்: சாப்பாடு ரெடி. ஜிம்மி என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கோவிந்தா என்றால் நாலு தெரு தாண்டியும் பாய்ந்து வருவான். (என் பக்தியில் ஆயிரம் கணக்கு இருக்கும். அவன் பக்தியில் பொங்கல் ஒன்றுதான்.)

அவனுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. துணி காயப்போடும் கயிற்றை அலமேலு அவிழ்த்தால் ஓடிவந்து நுனியைக் கவ்விக்கொள்வான். நாம் இழுக்க இழுக்க அவனும் பின்னங்காலை ஊன்றி இழுப்பான். வெல்லம் கொடுக்கும்வரை வாயைத் திறக்க மாட்டான்.

"மலை ஏறின அனுபவம் யாருக்காவது இருக்கா?" என்று மேனேஜர் ஷெட்டில் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன்.

"வருஷா வருஷம் ஏழுமலை ஏறுறேன் சார்."

"ஏழு மலையா? ஒரே வருஷத்துலயா?"

"ஒரே நாள்ல சார். செருப்பு இல்லாம."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மனதில் ஏழு செங்குத்துப் பாறைகள் ஓடியிருக்க வேண்டும். என் மனதில் திருப்பதி படிக்கட்டும், வழியில் விற்கிற மாங்காய்க் கீற்றும் ஓடின. "எல்லாம் அவன் செயல் சார்" என்று அடக்கமாகச் சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து பெருமையடித்ததும் அலமேலு ஒன்றுதான் கேட்டாள். "அங்க படி கீதான்னு கேட்டியா?"

"மலைன்னா படி இல்லாமலா இருக்கும்? பேஜாரு பண்ணாதமே!"

ஞாயிற்றுக்கிழமை ப்ரூனோ ஏ.சி. காரில் வந்தது. ஜிம்மி என்னோடு கம்பெனி பஸ்ஸில் வந்து, போகிற வழியிலேயே அந்தோணியின் நாஷ்டாவைப் பொட்டலத்தோடு முடித்துவிட்டான். ஆந்திரா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஒற்றைப் பாறை. பக்கத்தில் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். நான் நெற்றி நிறைய நாமமும் வெறுங்காலுமாக இறங்கி, படிக்கட்டைத் தேடிப் பாறையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். மனிதன் கால் வைக்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. ஓணான்கூட ஒரு முறை யோசித்துத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு பாறைக்குப் பின்பக்கம் போய்க் கற்பூரம் ஏற்றினேன். நான் அங்கே இருந்த நேரத்தில் முன்பக்கம் ஓர் ஒப்பந்தம் நடந்திருக்கிறது. அந்தோணி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேலே ஏறியவர் முடியாமல் போனால் "லோயர்" என்று கத்த வேண்டும், உடனே கயிற்றைத் தளர்த்தி இறக்கிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

"லாயரா?" என்றிருக்கிறான் அந்தோணி. "பாறைக்கு வக்கீல் எதுக்கு சார்? உயில் எழுதவா?"

எல்லோரும் சிரிக்க, மேனேஜரும் சிரித்து, "சரி, உங்க பாஷையிலேயே வெச்சுக்கலாம். ஆள் அவுட்டுன்னா நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்றிருக்கிறார்.

"கோவிந்தா சார்!"

"சூப்பர். கோவிந்தான்னா இறக்கிடுவேன்."

இது தெரியாமல் நான் நெற்றியில் விபூதி வைத்தவர்களையும் சிலுவை போட்டவர்களையும் தாண்டி முதல் ஆளாக முன்னால் போய் நின்றேன். ஏழு மலை ஏறியவனாயிற்றே! ஜிம்மியை ப்ரூனோவைக் கட்டியிருந்த வேப்பமரத்திலேயே கட்டினேன். தலையில் ஹெல்மெட், இடுப்பிலும் தொடையிலும் பட்டை. குழந்தையைத் தூளியில் போடுவதுபோல் என்னை முடிந்தார்கள். என் இடுப்பிலிருந்து கயிறு மேலே போய், பாறை உச்சியில் ஒரு வளையத்தில் நுழைந்து, திரும்பக் கீழே வந்து மேனேஜர் இடுப்பில் இருந்த ஒரு இரும்புச் சாமானுக்குள் புகுந்து வெளியே வந்தது. மிச்சக் கயிற்றை அவர் கையில் பிடித்திருந்தார். பிடி இறுகினால் நான் நிற்பேன். பிடி தளர்ந்தால் இறங்குவேன். பிடியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பயப்படாதீங்க வரதன். நான் கைவிட மாட்டேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கைவிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார்." அவர் கயிற்றைப் பற்றிச் சொன்னார். நான் நீலப் பட்டையைப் பற்றிச் சொன்னேன்.

திருப்பதியில் முதல் படியில் கால் வைக்கும்போது சொல்கிற பழக்கத்தில், பாறையில் காலைத் தூக்கி வைத்ததும் "கோவிந்தா!" என்றேன். சர்ரென்று இறக்கிவிட்டார்கள்.

ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஏறினேன். ஆள் உயரம் போனதும் துணைக்கு ஒரு "கோவிந்தா!" மறுபடி தரை. நான் பெருமாளைக் கூப்பிடும்போதெல்லாம் மேனேஜர் என்னைப் பூமிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மரத்தடியில் ஜிம்மி ஒவ்வொரு முறையும் துள்ளி எழுந்து, பொங்கல் வராத கோபத்தில் ஊளையிட்டான்.

"இன்னா நைனா, லிஃப்டு மாதிரி போய்ட்டுப் போய்ட்டு வர்ற?" என்றான் அந்தோணி.

"ஏழு மலையும் இப்படித்தான் ஏறினீங்களா வரதன்?" என்றார் மேனேஜர்.

சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நீலப் பட்டை என்னைவிட்டு நகர்ந்து போவது தெரிந்தது. காபியை ஆறவிட்டுப் போனவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, வாயே திறக்காமல், மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. பாதிப் பாறை தாண்டிவிட்டேன். அங்கே புத்திகெட்டுப்போய்க் கீழே பார்த்தேன். பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த பயம் எல்லாம் தொண்டைக்கு வந்து, "கோவிந்தாாா!" என்று அலறினேன். கால் வழுக்கிக் கயிற்றில் தொங்கினேன்.

ஜிம்மி மரத்தில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தான். அந்த ஆர்ப்பாட்டத்தில் மிரண்ட ப்ரூனோவும் வாரை உருவிக்கொண்டு குவாரிப் பக்கம் ஓடியது.

"ப்ரூனோ! ப்ரூனோ!" என்று மேனேஜர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடத் திரும்பினார்.

கேன்டீன் கதைகளில் காணாமல் போன வரி இதுதான்: மேனேஜர் கைவிட்டார்.

நான் விழுந்தேன். கயிறு அவர் இடுப்பு இரும்புக்குள் விர்ரென்று ஓடியது. அதன் நுனி தரையில் பாம்புபோல் நெளிந்துகொண்டு போவதை, பொங்கலுக்கு ஓடிவந்த ஜிம்மி பார்த்தான். பொங்கலை மறந்தான். கவ்வினான். பின்னங்காலை மண்ணில் ஊன்றி, அலமேலுவின் துணிக் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்தான். இரும்புச் சாமானில் கயிறு இறுகியது. நான் தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் வெடுக்கென்று நின்று, தலைகீழாக ஆடினேன்.

அந்தோணி ஓடிவந்து ஜிம்மிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தான். "யோவ் வரதா, ஆடாதய்யா! உன் நாயிதான்யா உன்னப் புடிச்சிக்கினு கீது!"

குவாரிக்குள் விழுந்திருக்கும் என்று மேனேஜர் கதறிய ப்ரூனோ, சாப்பாட்டு வண்டிக்கு அடியில் தயிர்சாதத்தில் முகம் புதைத்து நின்றது. இடுப்புக் கயிறு விடாமல் நின்ற இடத்திலேயே துடித்த அவரிடம் யாரோ அதைத் தூக்கிவந்து கொடுக்க, கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு என் ஞாபகம் வந்தது.

"ஏன் வரதன் அநாவசியமா கத்தி நாய்ங்களை மிரட்டினீங்க?"

தலைகீழாக இருந்தபடி "சாரி சார்" என்றேன். (அடிபட்டு இறந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.)

அவர் ஜிம்மியைப் பார்த்தார். அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை, வெல்லம் வரவில்லையே! "என்ன பிடி! இந்த நாயை நம்ம கேட்ல வெச்சுக்கலாம் வரதன்" என்றார். அவர் எதைச் சொன்னாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "சரி சார்."

அடுத்த மாதம் கம்பெனியில் பாதுகாப்பு விழா. ஜிம்மியை மேடை ஏற்றி மாலை போட்டார்கள். விழிப்புணர்வுக்கு அவன் உதாரணம் என்று மேனேஜர் பேசினார். யார் கைவிட்டதால் விழிக்க வேண்டியிருந்தது என்று பேசவில்லை. கைதட்டலுக்கு நடுவே அவன் கழுத்தில் போட்டோவோடு அட்டை மாட்டினார்கள். நீலப் பட்டை. மெயின்டனன்ஸில் அந்த வருஷம் வேறு யாரையும் பர்மனென்ட் ஆக்கவில்லை.

அப்புறம் தினமும் காலையில் நான் மஞ்சள் பட்டையோடு கேட்டில் நிற்பேன். ஜிம்மி என்னை முகர்ந்து வாலாட்டுவான். "உங்க ஆபீசர் ஓகே சொல்லிட்டாரு, போ" என்பார் காவலாளி. மத்தியானம் ஷெட் ஓரம் என் டப்பாவைத் திறப்பேன். அவனுக்குக் கேன்டீனிலிருந்து முட்டை போகும். மேனேஜர் கைவிட்டதைக் கம்பெனியில் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வருஷம் தருவார், அதற்கடுத்த வருஷம் தருவார் என்றிருந்தேன்.

ஒரு நாள் பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல், "வீட்டுல யாராவது பர்மனென்டா?" என்றார்கள். அலமேலு காபித் தட்டோடு வந்து, "இருக்கான். ஜிம்மின்னு பேரு. இப்போ டூட்டியில கீறான்" என்றாள். முழுக் கதையையும் சொல்லவைத்து, விழுந்து விழுந்து சிரித்து, காபியைச் சூடாகக் குடித்த அந்தக் குடும்பத்தில்தான் பத்மா இன்று வாழ்கிறாள்.

கான்ட்ராக்டை முடித்து எங்களை அனுப்பிய நாளில் மஞ்சள் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே வந்தேன். "கோவிந்தா" என்றேன், மெதுவாகத்தான். பெருமாளைக் கூப்பிட்டேனா, எல்லாம் போயிற்று என்று சொன்னேனா, எனக்கே தெரியாது. ஜிம்மிக்கு அதில் குழப்பம் இல்லை. நீலப் பட்டையோடு எழுந்து, காவலாளி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், என் பின்னால் ஸ்டேஷன்வரை நடந்து வந்தான்.

"நம்ம ஊட்டுல பர்மனென்ட் வேலையை வேணாம்னு உதறினவன் ஒருத்தன்தான்" என்று அலமேலு இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். உதறியவனுக்கு இப்போது காது மந்தம். இடி இடித்தாலும் எழுவதில்லை. கற்பூரம் காட்டும்போது மட்டும் சரியாக வந்து நிற்கிறான்.

படித்தவர்கள் இதைப் பிறருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் வாயடித்ததைக் குறைக்க வேண்டாம், தலைகீழாகத் தொங்கியதை மறைக்க வேண்டாம். நாயை நான் கடித்ததாகச் சேர்க்கவும் வேண்டாம். முக்கியமாக, யார் கைவிட்டது, யார் பிடித்தது என்பதை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள்.